பழைய எண் செத்துவிட்டதா என்று பார்ப்பது

நான்கு இலக்கங்களை ஞாபகம் வைத்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் அலாரம் பொருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பலருக்குப் பெரிய வேலை. பாதிப் பேர் பிறந்த வருடத்தை வைப்பார்கள். மீதிப் பேர் கல்யாண வருடத்தை வைத்துவிட்டு மனைவியிடம் கேட்பார்கள். ஒரு பல் டாக்டர் 3232 என்று வைத்திருந்தார். வாயில் எத்தனை பல் என்பது மறக்காதாம். பிறகு அதையும் மறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நீங்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் மேடம். அலாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்றும் சொன்னீர்கள். அதனால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேலை புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

ஒரு வீட்டின் எண்ணை மாற்றுவதற்கு முன்னால் கண்காணிப்பு மையத்துக்குப் போன் செய்ய வேண்டும். இந்த வீட்டில் வேலை நடக்கிறது, மணி அடித்தால் போலீஸை அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு 'டெஸ்ட்டில் போடுவது' என்று பெயர். அங்கே ஒரு பெண், "டெஸ்ட்ல போட்டாச்சுண்ணா" என்பாள். பல நாட்களில் எனக்குக் கேட்கும் முதல் மனிதக் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு எண் பலகையில் புது எண்ணை இரண்டு முறை அழுத்தி ஏற்ற வேண்டும். அதோடு முடிந்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி இல்லை. வீட்டுக்காரரையே அழுத்தச் சொல்லி, அலாரத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, ஒரு நிமிடம் நின்று, மறுபடி உள்ளே போய் அணைக்கச் சொல்லுவேன். கடைசியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பழைய எண்ணை அழுத்திப் பார்க்க வேண்டும். புது எண் வேலை செய்வதைப் பார்த்தால் போதாது. பழைய எண் செத்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்ததும் மையத்துக்கு மறுபடி போன் செய்து டெஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: எண்ணை எங்கேயும் எழுதிவைக்காதீர்கள். காலண்டருக்குப் பின்னால், மசாலா டப்பாவின் மூடிக்குள், போனில் தம்பி பெயருக்குக் கீழே, எங்கேயும் வேண்டாம். திருடன் முதலில் அங்கேதான் பார்ப்பான். இது தொழிலில் எல்லோரும் சொல்வது. நானாகக் கண்டுபிடித்தது இல்லை.

அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். முதல் முறை போனபோது உண்மையிலேயே அவருடைய நன்மைக்காகத்தான் சொன்னேன்.

அவர் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டராக இருந்தவர். தெருவில் எல்லோரும் டெலிபோன் அம்மா என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகன், விமானத்தில் போனால் பாதி நாள் ஆகிற தூரத்தில். வீட்டு வேலை செய்த பெண் நின்றுவிட்டாள், அவளுக்குத் தெரிந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார். இருபது நிமிட வேலை. புது எண்ணாக 3862 என்றார். ஏன் அந்த எண் என்று கேட்டேன். வேலையில் சேர்ந்த அன்று முதன்முதலாக இணைத்துக் கொடுத்த போனின் கடைசி நான்கு இலக்கங்களாம்.

"அது எப்படிம்மா இன்னும் ஞாபகம் இருக்கு?" என்றேன்.

"அது என்ன பிரமாதம்? உங்க வீட்டுப் பழைய நம்பர் சொல்லுங்க, எந்தத் தெருன்னு சொல்றேன்."

எனக்குத் தெரிந்த ஒரே பழைய எண் என் அம்மா இருந்த வீட்டினுடையது. சொன்னேன். அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ரயில்வே கேட்டுக்குப் பின்னாடி, மரக்கடைத் தெரு. அங்க மொத்தமே ஒன்பது கனெக்‌ஷன்தான். ரெண்டு மரக்கடை, ஒரு டாக்டரு, மிச்சம் வீடுங்க. உங்கம்மா போனை எடுத்ததும் ஹலோ சொல்ல மாட்டாங்க, யாருன்னு கேப்பாங்க. சரியா?"

சரிதான். என் அம்மா இறந்து அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் போனை எடுத்தால் எப்படிப் பேசுவார் என்று தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. திருகாணியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிறகு அவர், "சாப்டியா?" என்றார். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று நான் கவனிக்கவில்லை. சாப்பாடு போட்டார். இருபது நிமிட வேலைக்கு நான் அந்த வீட்டில் இரண்டரை மணி நேரம் இருந்தேன்.

என் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள், சோதனை போடப் போனவர்கள் சொல்லியிருப்பார்கள். இரண்டு அறை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டாவது தட்டு இருந்தது, பல வருடம் கழுவாமலே சுத்தமாக இருந்ததால் யாருக்கோ கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே சாப்பிடுவேன். சத்தத்துக்காக டிவி ஓடும். என் வீட்டில் அலாரம் இல்லை. திருடன் வந்தால் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பேன் என்று ஆபீஸில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள்.

என் தொழிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. வேலையை ஒழுங்காகச் செய்தால் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். நான் எப்போதும் ஒழுங்காகச் செய்கிறவன். மூன்று மாதம் காத்திருந்தேன். டெலிபோன் அம்மா வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. சும்மா போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். தட்டி என்ன சொல்வது? என்னைப் போன்ற ஒரு ஆள் கையில் கருவிப்பெட்டி இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அது அலாரம் அடிக்க வேண்டிய விஷயம்.

இப்போதுள்ள அலாரங்களை வீட்டுக்குப் போகாமலே மாற்றலாம். மடிக்கணினியிலிருந்து உள்ளே போக எங்களில் ஆளுக்கொரு தனி எண் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் காய்கறி வாங்கப் போகிற நேரம். இரண்டு தெரு தள்ளி வேனை நிறுத்தினேன். மையத்துக்குப் போன் செய்து டெஸ்ட்டில் போடச் சொன்னேன். போலீஸ் வந்து அவரைப் படுத்தக் கூடாது இல்லையா. பிறகு 3862 என்பதை 3826 என்று மாற்றினேன். முற்றிலும் வேறு எண்ணாக வைத்திருந்தால் அவருக்கு அலாரத்தின் மேல் சந்தேகம் வந்திருக்கும். அதே இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டால் தன் மேல்தான் சந்தேகம் வரும். இது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

அவர் வீட்டுக்கு வந்தார். உள்ளே போனார். தன் எண்ணை அழுத்தினார், மடிக்கணினியில் எனக்குத் தெரிந்தது. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறைக்குப் பிறகு சைரன் அலறியது. எனக்குப் போன் வந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் போய் நின்றேன். உடனே போயிருக்கலாம், ஆனால் அது இயல்பாக இருக்காது. வாசலில் பையோடு நின்றிருந்தார். எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைரனை நிறுத்தினேன்.

"என்ன நம்பர்ம்மா போட்டீங்க?"

"மூணு எட்டு ஆறு ரெண்டு."

"மூணு எட்டு ரெண்டு ஆறு தானேம்மா. கடைசி ரெண்டையும் மாத்திப் போட்டுட்டீங்க."

அவர் சிரித்தார். "போடா. முப்பத்தோரு வருஷம் நம்பரோடயே குடும்பம் நடத்தினவ நான்." பிறகு நான் சொன்னதை அழுத்திப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ நினைப்புல இருந்திருக்கேன்" என்றார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். மாலை வரை இருந்தேன். அவர் எக்ஸ்சேஞ்ச் கதைகளைச் சொன்னார், நான் சிரித்தேன். அவ்வளவு நல்ல நாள் எனக்கு நெடுங்காலமாக வாய்த்ததில்லை.

இப்படிப் பதினான்கு மாதத்தில் ஏழு முறை. அதிகம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அந்த நான்கு இலக்கங்களை விட்டு நான் ஒருபோதும் வெளியே போகவில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் புது எண்ணைச் சோதித்தேன், பழையது செத்துவிட்டதா என்றும் பார்த்தேன்.

மூன்றாவது முறை அவர் சிரிக்கவில்லை. "மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமோ தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் எண் பலகையைக் கழற்றிவிட்டுப் புத்தம் புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து மறுபடி சைரன் அடித்தபோது அவர் மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை. பேயறைந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது முறையா ஐந்தாவது முறையா என்று சரியாக ஞாபகம் இல்லை, உங்கள் கையில் இருக்கும் மெஷின் பட்டியலில் தேதி இருக்கும், அன்று அவர் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார்.

"எழுதி வெச்சுக்கட்டுமா தம்பி? ஒரே ஒரு எடத்துல மட்டும். யாருக்கும் தெரியாம பீரோவுக்குள்ள."

அந்த நோட்டில் ஒரே ஒரு எண்ணை அவர் எழுதியிருந்தால் போதும், அடுத்த முறை எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். ஆனால் நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னேன். "வேண்டாம்மா. எழுதி வெக்கிறது பாதுகாப்பில்ல. தனியா இருக்கீங்க."

"அதுவும் சரிதான்" என்று நோட்டை மூடிவிட்டார். ஒழுங்காக விதிமுறைப்படி நடக்கிறவர். முப்பத்தோரு வருடம் அரசாங்க வேலை பார்த்த ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். திரும்பி வந்து எண்ணை அழுத்த வேண்டுமே என்ற பயம். கடைக்குப் போகவில்லை, தெருமுனையில் கூடும் பெண்களோடு நடக்கப் போகவில்லை. நானே காய்கறியும் மருந்தும் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு இரண்டு முறை. அலாரத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. கடைசி இரண்டு முறை நான் ஏன் எண்ணை மாற்றினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம்.

ஒரு வருத்தம் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒருநாள் விளையாட்டாக ஒரு பழைய எண்ணைச் சொல்லி, எந்தத் தெரும்மா என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "தெரியலப்பா" என்றார். தெரிந்திருந்தது, நாக்கு நுனியில் நின்றது, எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லப் பயம். அந்த விளையாட்டு அன்றோடு நின்றுபோனது. எனக்கு அது பெரிய இழப்பு.

மகன் எனக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான். தன்மையான மனிதர். "நீங்கதான் அம்மாவ அடிக்கடி பாக்குறீங்க. வெளிப்படையா சொல்லுங்க, உங்களுக்கு எப்படித் தோணுது?" என்றார். நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அடுத்ததாகக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு ஏற்ற மாதிரி பதில் சொன்னேன்.

"வயசானா அப்படித்தான் சார். நம்பரெல்லாம் தடுமாறுறாங்க. தனியா விடுற மாதிரி இல்ல."

அவர் அடுத்த வாரமே வந்து அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனார். அங்கே நடந்ததை டெலிபோன் அம்மாவே என்னிடம் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாராம் டாக்டர். இவர் தொண்ணூற்று மூன்று என்று சொல்லிவிட்டு, "சரிதானே?" என்று கேட்டாராம். டாக்டர் பதில் சொல்லாமல் ஏதோ எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு இவர் வாயே திறக்கவில்லை. டாக்டரும் தாளைப் பார்த்து ஞாபகமறதி நோய் என்று முடிவு சொல்லிவிட்டார்.

மகன் அவரை முதியோர் விடுதியில் சேர்த்தார், வீட்டை விற்பதற்கு ஏற்பாடு செய்தார். இதில் எனக்குச் சம்மதமே இல்லை மேடம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்ற தாயை இப்படிக் கொண்டுபோய் விடுகிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. கிளம்புகிற அன்று டெலிபோன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இருந்தியேப்பா" என்றார். மகனும் அருகில்தான் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டை வாங்கியவர் வேறு கம்பெனி ஆளை வைத்து அலாரத்தைச் சோதித்திருக்கிறார். அந்த ஆள் மெஷினின் நினைவுப் பட்டியலை அச்செடுத்திருக்கிறார். எந்த எண்ணை, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் மாற்றியது என்று எல்லாம் அதில் பதிவாகும். வீட்டுக்குப் போகாமல் மாற்றியதாக ஏழு வரி. ஏழிலும் என் தனி எண். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். பட்டியலை அழிப்பது முறையல்ல. நான் அப்படிப்பட்ட வேலையெல்லாம் செய்கிறவன் இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால் என் பங்கு முடிந்தது.

அந்த விடுதியில் ஞாபகமறதி உள்ளவர்களை வைத்திருக்கும் பகுதிக்குத் தனிக் கதவு. யாரும் தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று கதவில் எண் பூட்டு. மாதம் ஒருமுறை அந்த எண்ணை மாற்ற வேண்டும். ஆபீஸில் கேட்டு அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். எண்ணை மாற்றிவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். வேறு யார் போகிறார்கள்?

போன மாதம், மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. அவர் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டார். காதோடு சொன்னார்.

"அஞ்சு சைபர் ஒன்பது நாலு."

கருவிப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நர்ஸு அழுத்துறப்ப பாத்துக்கிட்டே இருந்தேன். வெரலு தெரியாது, முதுகு மறைச்சிடும். ஆனா முழங்கை எங்க போகுதுன்னு தெரியும். எக்ஸ்சேஞ்ச் போர்டுல உக்காந்தவளுக்கு அது போதும். மூணு வாரமா பாத்து வெச்சிருக்கேன்."

"வெளிய போகணுமாம்மா?"

"வெளிய எங்க போறது? வீடுதான் இல்லையே. எனக்குச் சரியான்னு மட்டும் சொல்லு. ஒரே ஒரு தடவை சரியா சொல்லிட்டேன்னா, என் தலை நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். உன்னத் தவிர வேற யாருகிட்ட கேப்பேன்?"

5094. நான்தான் அந்த எண்ணை வைத்தேன். நான்கு இலக்கமும் சரி, வரிசையும் சரி. எழுபத்து நான்கு வயதில், பதினைந்தடி தூரத்திலிருந்து, ஒரு முழங்கையைப் பார்த்து.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிதானமாக யோசித்தேன். சரி என்று சொன்னால் சந்தோஷப்படுவார். அன்றைக்குச் சந்தோஷப்படுவார். பிறகு தனியாக உட்கார்ந்து அந்த ஏழு நாட்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்ட தலைக்கு ஒரு சாயங்காலம் போதும், என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு நான் வந்தால் கதவுப் பக்கம் நாற்காலி இருக்காது.

"இல்லம்மா, அது இல்ல" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டியா?" என்று கேட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த எண்ணை மாற்றினேன். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது, இருந்தாலும் மாற்றினேன். புதியது வேலை செய்கிறதா என்று பார்த்தேன். பிறகு 5094 அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் முழங்கையை.

இதுதான் நடந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, எல்லாவற்றையும் என் கையாலேயே செய்தேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான் மேடம். இந்தத் தாளை அவரிடம் காட்டிவிடாதீர்கள். கணவர் போய்விட்டார், மகன் தூரத்தில் இருக்கிறார், வீடும் இல்லை. அவருக்கென்று மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான், என்னையும் இழந்தால் அவர் தாங்கமாட்டார்.